ஒர்க்‌ஷீட் கொடுத்த அன்று நடந்தது

வயல்வெளி டீச்சர்:

மூன்றாம் வகுப்பு, மணி பார்க்கும் பாடம். முதல் நாள் இரவு வாட்ஸ்அப் குழுவில் வந்த பி.டி.எஃப்., காலையில் பஸ் ஸ்டாண்ட் கடையில் 22 பிரதி ஜெராக்ஸ். ஒரு தாளில் எட்டுக் கடிகாரம், ஒவ்வொன்றின் கீழும் ஒரு கோடு. அந்த மாதிரித் தாளை எல்லோரும் பார்த்திருப்பீர்கள்.

ஒரு பெண் குழந்தை ஏழுக்கு எழுதிவிட்டு ஐந்தாவது கடிகாரத்தை மட்டும் விட்டிருந்தாள். "இதுக்கு ஏன் எழுதல?" என்று கேட்டேன். "இப்படி முள்ளு நிக்காது டீச்சர்" என்றாள். "நிக்கும், படத்தப் பாரு. பெரிய முள்ளு ஆறுல, சின்ன முள்ளு மூணுல. மூன்றரை. எழுது." அவள் எழுதவில்லை. தலையை மட்டும் ஆட்டினாள். நான் அதில் பெருக்கல் குறி போட்டு எட்டுக்கு ஏழு என்று எழுதினேன்.

அன்று சாயங்காலம் எதற்கோ சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். சரியாக மூன்றரை. சின்ன முள் மூன்றில் இல்லை, மூன்றுக்கும் நாலுக்கும் நட்ட நடுவில் இருந்தது. தாளில் இருந்த படம்தான் தப்பு. அவள் வீட்டில் நிஜக் கடிகாரத்தைப் பார்த்துக் கற்றவள். நான் தாளைப் பார்த்துக் கற்பித்தேன். இரண்டு வருடம் ஆகிவிட்டது. "நிக்கும்" என்று நான் அழுத்திச் சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது. உங்களுக்கும் இப்படி ஒன்று இருந்தால் எழுதுங்கள்.

குரூப் நாலு:

டீச்சர், நீங்கள் சொன்ன அதே படம்தான் என் தலையிலும் இருந்திருக்கிறது. போட்டித் தேர்வு மாதிரித் தேர்வில் கேள்வி: 3.30 மணிக்கு இரண்டு முட்களுக்கும் இடையே உள்ள கோணம் என்ன? சட்டென்று 90 என்று குறித்தேன். மூன்றுக்கும் ஆறுக்கும் இடையே மூன்று கட்டம், கட்டத்துக்கு 30 டிகிரி, முடிந்தது என்று அடுத்த கேள்விக்குப் போய்விட்டேன். விடை 75. மணி முள் ஒரு மணி நேரத்துக்கு 30 டிகிரி நகர்கிறது, அரை மணியில் 15. அந்த 15-ஐ நான் கழிக்கவே இல்லை. எனக்குச் சூத்திரம் தெரியும். ஆனால் மனதில் வந்து நின்ற படத்தில் சின்ன முள் மூன்றிலேயே இருந்தது. எந்த வகுப்பில் எந்தத் தாளில் அது ஒட்டிக்கொண்டதோ தெரியவில்லை.

கோவை அப்பா:

என் மகன் இரண்டாம் வகுப்பு படிக்கும்போது பள்ளியில் இருந்து வாரா வாரம் ஒரு கற்றைத் தாள் வரும். வெளிநாட்டுத் தளத்தில் இறக்கியது, மேலே பள்ளியின் பெயர் மட்டும் ஒட்டியிருக்கும். ஒரு வாரம் காசுக் கணக்கு. பென்னி, நிக்கல், டைம், குவார்ட்டர். படங்களை எண்ணி எத்தனை சென்ட் என்று எழுத வேண்டும்.

அமெரிக்காவில் பத்து சென்ட் டைம், ஐந்து சென்ட் நிக்கலைவிடச் சின்னது. அந்த ஊர்க் குழந்தைக்கு அது கையில் புழங்கிய காசு. என் மகனுக்கு வட்டம், வட்டம், வட்டம். "சின்னது எப்படிப்பா பெரிசு?" என்று மூன்று தடவை கேட்டான். நான் ஆபீஸ் அவசரத்தில் "அப்படித்தான், மனப்பாடம் பண்ணிக்கோ" என்று சொல்லிவிட்டேன். மறுநாள் காலை டிபன் சாப்பிடும்போது கண்ணை மூடிக்கொண்டு "டைம் டென், நிக்கல் ஃபைவ்" என்று வாய்ப்பாடு மாதிரி சொல்லிக்கொண்டிருந்தான். என் சட்டைப் பையில் அப்போது ஒரு ஐந்து ரூபாய்க் காசும் இரண்டு ஒரு ரூபாயும் இருந்தன. அவனுக்கு அவற்றைச் சரியாகக் கூட்டத் தெரியாது.

அன்றோடு அந்தக் கற்றையை நிறுத்தச் சொல்லிப் பள்ளியில் எழுதிக் கொடுத்தேன். இப்போது 20 ரூபாய் கொடுத்து அவனையே பால் வாங்க அனுப்புகிறேன், மீதியை அவனே எண்ணிக்கொண்டு வருவான். பத்து ரூபாய்க் காசை வாங்க மாட்டேன் என்று சொல்லும் கடைக்காரரோடு வாதாடவும் கற்றுக்கொண்டான். என்னைக் கேட்டால் ரெடிமேட் தாளே வேண்டாம். பாடத்தைத் தன் வகுப்புக்கு எழுத முடியாதவர் ஏன் ஆசிரியராக இருக்க வேண்டும்?

செங்கோணம்:

நான் ஆறு முதல் எட்டு வரை கணக்கு எடுக்கிறேன். என் கதை சின்னது. ஆறாம் வகுப்பு, நீளம் அளத்தல். தாளில் ஒரு பென்சில் படம், விடைக்குறிப்பில் 10 செ.மீ. பிள்ளைகள் எல்லோரும் 9.7 எழுதினார்கள். ஸ்கேலைப் பூஜ்ஜியத்தில் வைக்காமல் ஓரத்தில் வைக்கிறார்கள் என்று நினைத்து எல்லோரையும் மறுபடி அளக்க வைத்தேன். மறுபடியும் 9.7. முதல் பெஞ்சில் ஒரு பையன் என் முகத்தைப் பார்த்துவிட்டு, 9.7-ஐ அழிரப்பரால் தேய்தேய் என்று தேய்த்தான். தாள் கிழிந்தது. கிழிந்த இடத்துக்குப் பக்கத்தில் 10 என்று எழுதினான். அளந்ததை அழித்துவிட்டு நான் விரும்பியதை எழுதினான்.

காரணம் பிரின்டர். இதை எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும், அதனால் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன். அமெரிக்கத் தாள்கள் லெட்டர் அளவில் இருக்கும், 21.59 செ.மீ. அகலம், 27.94 உயரம். நம் ஏ4 தாள் 21 செ.மீ. அகலம், 29.7 உயரம். பிரின்ட் கொடுக்கும்போது ஃபிட் என்று இருந்தால் அகலத்துக்கு அடங்க எல்லாவற்றையும் சுமார் 97 சதவீதமாகச் சுருக்கிவிடும். 10 செ.மீ. 9.7 ஆகும், 12 செ.மீ. 11.7 ஆகும். ஆகவே ஆக்சுவல் சைஸ் அல்லது 100 என்று தேர்ந்தெடுங்கள். அப்போது ஓரம் கொஞ்சம் வெட்டுப்படலாம், பரவாயில்லை. ஜெராக்ஸ் கடையில் மெஷின் 100-இல் இருக்கிறதா என்று கேளுங்கள், பல கடைகளில் ஓரம் விழாமல் இருக்கக் குறைத்துதான் வைத்திருப்பார்கள். முதல் பிரதியை நீங்களே ஸ்கேல் வைத்து அளந்துவிட்டு மீதியை அடியுங்கள். கோணம் அளக்கும் தாளுக்கு இந்தப் பிரச்சினை கிடையாது, எவ்வளவு சுருக்கினாலும் 60 டிகிரி 60 டிகிரிதான். ஆனால் அகலத்தை மட்டும் இழுத்து நிரப்பும்படி வைத்தால் கோணமும் கெடும், வட்டம் முட்டையாகும். பரப்பளவுத் தாளில் இன்னும் கவனம் வேண்டும், நீளம் 97 என்றால் பரப்பு 94 ஆகிவிடும். சென்டிமீட்டர் கட்டம் போட்ட தாள் வேண்டுமென்றால் இறக்காதீர்கள், கிராஃப் நோட்டில் இருந்து ஒரு பக்கத்தை நேராக ஜெராக்ஸ் எடுங்கள். வயல்வெளி டீச்சர், உங்கள் தாளையும் ஒரு முறை அளந்து பாருங்கள்.

கரும்பலகை:

கோவை அப்பாவுக்கு ஒரு வார்த்தை. நான் ஈராசிரியர் பள்ளியில் வேலை பார்க்கிறேன். ஐந்து வகுப்பு, இரண்டு பேர். அதில் ஒருவர் கூட்டத்துக்கோ பயிற்சிக்கோ போனால் ஐந்து வகுப்புக்கும் ஒருவர். நான் மூன்றாம் வகுப்புக்குக் கழித்தல் நடத்தும் அரை மணி நேரத்தில் மற்ற நாலு வகுப்பும் கையில் என்ன வைத்திருக்கும்? எழுத முடியாமல் இல்லை ஐயா. எழுத நேரம் எது?

2007-இல் மாநிலம் முழுக்கச் செயல்வழிக் கற்றல் வந்தபோது அட்டைகள்தான் எங்களைக் காப்பாற்றின. ஏணிப்படி, தட்டு, ஒவ்வொரு அட்டையிலும் யானை, முயல் என்று ஒரு சின்னம். பிள்ளை தானே அட்டையை எடுத்து, பாயில் உட்கார்ந்து, தன் வேகத்தில் போகும். அதுவும் யாரோ செய்து கொடுத்த ரெடிமேட்தான். ஆனால் ஆந்திராவின் ரிஷிவேலியில் கிராமப் பள்ளிகளில் புழங்கிய முறையில் இருந்து வளர்ந்தது. நம் பிள்ளை உட்காரும் தரையைப் பார்த்துச் செய்தது. வித்தியாசம் அங்கே இருக்கிறது, ரெடிமேட் என்பதில் இல்லை.

என்னை உறுத்துவது வேறு. 2022-இல் ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை எண்ணும் எழுத்தும் திட்டம் வந்த பிறகு அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பார்த்துப் பயிற்சி. நல்ல யோசனை, இன்றும் சொல்வேன். கொரோனாவில் இரண்டு வருடம் பள்ளிக்கே வராத பிள்ளையிடம் மூன்றாம் வகுப்புக் கணக்கைத் திணிப்பதைவிட ஆயிரம் மடங்கு மேல். என் வகுப்பில் மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் அரும்பில் இருந்தான். அவன் தம்பி முதல் வகுப்பு, அதே அறை, அவனுக்கும் அரும்புப் பக்கம். அண்ணன் எழுதும்போது இடது கையை முழுசாக விரித்துப் பக்கத்தின் மேல் பகுதியை மூடிக்கொள்வான். நான் கிட்டே போனால் மூடமாட்டான். தம்பி திரும்பினால்தான் மூடுவான். கணக்கு அவனுக்கு வந்துகொண்டுதான் இருந்தது. அந்தக் கையை எடுக்கச் சொல்லவும் முடியவில்லை, எடுக்காமல் விடவும் முடியவில்லை. கடைசியில் அண்ணனையும் தம்பியையும் எதிரெதிர்ச் சுவர் பக்கம் உட்கார வைத்தேன். ஒரு பருவம் முழுக்க அந்தக் கை அங்கே இருந்த பிறகுதான் எனக்கு அது தோன்றியது.

யாழ் அம்மா:

இங்கே இலங்கையில் தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சை என்றால் வீடு முழுக்க மாதிரி வினாத்தாள்தான். மகனுக்கு நாளுக்கொன்று செய்விப்பேன். வேகமாகச் செய்வான், புள்ளியும் நல்லாய் வரும். ஒருநாள் தாள் முடிஞ்சு போச்சு, வெறும் கொப்பியில் நானே ஒரு கழித்தல் கணக்கைப் பக்கவாட்டில் எழுதிக் குடுத்தேன். பிள்ளை பேனையைப் பிடிச்சபடி என்னைப் பார்த்தான். "அம்மா, பெட்டி எங்க?" என்றான். விடை எழுதுற பெட்டி இல்லாமல் எங்கே தொடங்குறது என்று அவனுக்குத் தெரியேல்லை. ஒன்றின்கீழ் ஒன்று எழுத வேணும் என்பதைக்கூடத் தாள்தான் இவ்வளவு நாளும் அவனுக்காகச் செய்து குடுத்திருக்குது.

மாலை டியூஷன்:

யாழ் அம்மா சொன்னதைப் படித்ததும் எழுதத் தோன்றியது. கரும்பலகை ஐயா சொல்வதும் நியாயம். ஆனால் தாள் கொடுப்பதோடு நிற்பதில் ஒரு ஆபத்து இருக்கிறது, அது எனக்கே நடந்தது.

நான்காம் வகுப்புப் பையன். 30 கழித்தல் கணக்கு உள்ள தாள். 24 சரி, ஆறு தப்பு. பரவாயில்லை, இன்னும் பழகட்டும் என்று அதே மாதிரி இன்னொரு தாள் கொடுத்தேன். அதில் 23. மூன்றாவதாக ஒன்று. அம்மாவிடம் கவனக் குறைவு என்று சொல்லியும் விட்டேன்.

ஒரு நாள் கரன்ட் போய்விட்டது. டார்ச் வெளிச்சத்தில் சும்மா உட்கார்ந்திருந்தபோது தப்புகளை மட்டும் படித்தேன். 52-இல் 38 போனால் 26. 71-இல் 45 போனால் 34. 60-இல் 27 போனால் 47. எல்லாம் கடன் வாங்கிக் கழிக்க வேண்டியவை. எல்லாவற்றிலும் ஒரே முறை, பெரிய இலக்கத்தில் இருந்து சின்னதைக் கழித்திருக்கிறான், மேலே இருக்கிறதா கீழே இருக்கிறதா என்று பார்க்கவில்லை. கவனக் குறைவு எங்கே? ஒரு இடத்திலும் பிசகாமல் செய்திருக்கிறான். "ஏண்டா எட்டுல இருந்து ரெண்டக் கழிச்ச?" என்று கேட்டேன். "பெரிசுல இருந்துதான சின்னதக் கழிக்கணும், நீங்கதான சார் சொன்னீங்க?" என்றான். ஆமாம், சொன்னேன். ஒற்றை இலக்கக் கழித்தல் நடத்தும்போது அந்த வாக்கியத்தை எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன்.

அந்த மூன்று தாளிலும் கடன் வாங்கத் தேவையில்லாத கணக்குதான் அதிகம். அதனால் அவன் முறை பெரும்பாலும் பலித்தது, மார்க்கும் வந்தது. தொண்ணூறு கணக்கு போட வைத்துத் தப்பை நானே உரம் போட்டு வளர்த்திருக்கிறேன். அப்புறம் ஈர்க்குச்சியைப் பத்துப் பத்தாகக் கட்டி 52 எடுத்து வைத்தேன், ஐந்து கட்டு, இரண்டு உதிரி. "38 குச்சி எனக்குக் குடு." மூன்று கட்டு கொடுத்தான். எட்டு உதிரி வேண்டும், கையில் இரண்டுதான். கொஞ்ச நேரம் குச்சியையே பார்த்தான். பிறகு ஒரு கட்டின் ரப்பர் பேண்டைக் கழற்றினான். நான் ஒன்றும் சொல்லவில்லை.

கோவை அப்பா:

கரும்பலகை ஐயா, கடைசி வரியை நான் அப்படி எழுதியிருக்கக் கூடாது. ஐந்து வகுப்புக்கு இருவர் என்பதை யோசிக்கவில்லை. மன்னிக்கவும்.

வயல்வெளி டீச்சர்:

எல்லோருக்கும் நன்றி. செங்கோணம் சார், என் தாளில் அளக்க ஒன்றும் இல்லை, ஆனால் நீங்கள் சொன்னதை எங்கள் ஆறாம் வகுப்பு ஆசிரியரிடம் காட்டினேன், அவர் உடனே ஸ்கேலை எடுத்தார்.

நான் இப்போது அட்டைக் கடிகாரத்தையும் விட்டுவிட்டேன். அதிலும் இரண்டு முள்ளும் தனித்தனியே சுற்றும், பிள்ளை சின்ன முள்ளை மூன்றிலேயே நிறுத்திவிட்டுப் பெரிய முள்ளை ஆறுக்குத் தள்ளும். பழைய டைம்பீஸ் ஒன்று வாங்கி வந்தேன். பின்னால் உள்ள திருகைத் திருப்பினால் இரண்டும் சேர்ந்து நகரும். பெரிய முள் ஒரு சுற்று வருவதற்குள் சின்ன முள் ஒரு எண்ணில் இருந்து அடுத்த எண்ணுக்கு ஊர்ந்து போவதைப் பிள்ளைகள் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்க்கிறார்கள்.

அந்தப் பெண் இப்போது ஐந்தாம் வகுப்பு, எங்கள் பள்ளியிலேயே. தாள் அவளுடைய கோப்பில் இருந்தது. நேற்று அதை எடுத்துக்கொண்டு போய், "அன்னிக்கு நீ சொன்னதுதான் சரி, நான்தான் தப்பா திருத்திட்டேன்" என்று சொன்னேன். அவளுக்கு நினைவில்லை. தாளைக் கையில் வாங்கி ஒவ்வொரு கடிகாரமாகப் பார்த்தாள். ஐந்தாவதில் பென்சிலால் சின்ன முள்ளை மூன்றுக்கும் நாலுக்கும் நடுவில் வரைந்தாள். அப்புறம் ஆறாவதற்கு வந்து நின்றாள். அதில் ஒன்பதே முக்கால், சின்ன முள் ஒன்பதிலேயே இருந்தது. அன்று அதற்கு அவள் விடை எழுதியிருந்தாள்.

"இதுவும் தப்புப் படம் டீச்சர். இதுக்கு டிக் போட்டிருக்கீங்க."