விளையாட்டா, அடிமைத்தனமா? அனுபவமுள்ளவர்கள் வழிகாட்டுங்கள்

அனைவருக்கும் வணக்கம். மலேசியாவின் சுங்கை சிப்புட் அருகே ஒரு செம்பனைத் தோட்டத்திலிருந்து எழுதுகிறேன். படிவம் நான்கில் பயிலும் என் அக்காள் மகன் இரவு இரண்டு மணி வரை கைப்பேசி விளையாட்டில் மூழ்கியிருக்கிறான். காலையில் மூடி வைத்த பசியாறல் மாலை வரை மேசையிலேயே காய்ந்து கிடக்கிறது.

"இதுவும் கஞ்சா மாதிரிதான்" என்கிறார் அத்தான். என்னால் அதை ஏற்க முடியவில்லை. 2022இல் நடைமுறைக்கு வந்த உலகச் சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டில் 'விளையாட்டுக் கோளாறு' இடம்பெற்றிருப்பது உண்மைதான். ஆனால், நெடுநேரம் ஆடுவது மட்டும் கோளாறு ஆகாது, ஆட்டத்தைக் கட்டுப்படுத்த முடியாமல், மற்ற அனைத்தையும் பின்தள்ளி, கேடு நேர்ந்த பின்னும் தொடரும் நிலை பொதுவாக 12 மாதங்களாவது நீடித்திருக்க வேண்டும் என்கிறது அது. அமெரிக்க உளமருத்துவச் சங்கமோ 2013ஆம் ஆண்டு மனநலக் கோளாறுகள் கையேட்டில் இதனை மேலும் ஆராயப்பட வேண்டிய ஒன்றாகவே வைத்தது. இவனுக்கு இந்தப் பழக்கம் வந்து ஏழு மாதங்களே ஆகின்றன, அதுவும் வளர்த்த பாட்டி இறந்த பிறகு தொடங்கியது. துக்கத்தை மறக்கத்தான் ஆடுகிறானோ என்று மனம் பதறுகிறது.

பிள்ளைகளோடு இதைக் கடந்து வந்தவர்கள் சொல்லுங்கள்: கைப்பேசியைப் பறித்தது பலன் தந்ததா? முதலில் பள்ளி ஆலோசக ஆசிரியரைப் பார்ப்பதா, அரசாங்கக் கிளினிக்கிற்குச் செல்வதா? ஈப்போ வட்டாரத்தில் தமிழில் பேசக்கூடிய உளவியல் ஆலோசகர் எவரையேனும் அறிந்தால் தயவுசெய்து தெரிவியுங்கள்.