80 தாண்டியும் ஓடுறவங்களை நேர்ல பாத்தவங்க சொல்லுங்க

கரிசக்காடு:
வயசு வாரியா பிரிச்சு நடத்துற மாவட்ட மாஸ்டர்ஸ் மீட்டு, சித்தப்பா குண்டு எறியுறாருன்னு கூட போனது. 85 பிளஸ் நூறு மீட்டர் ஆரம்பிக்கும்போது ஃபினிஷ் லைனுக்கு அந்தப்பக்கம் ரெண்டு பசங்க கையை விரிச்சுட்டு நிக்கிறாங்க, எதுக்குன்னு புரியல. ஒரு தாத்தா கோட்டைத் தாண்டிட்டாரு ஆனா நிக்க முடியல, உடம்பு முன்னாடி சாயுது, காலு குட்டி குட்டியா ஓடிக்கிட்டே இருக்கு. பசங்க தாங்கிப் பிடிச்சதும் "விடுப்பா, டைம் என்ன?"ன்னாரு. 31ன்னாங்க. "போன வருசம் 27"ன்னு சொல்லும்போது முகமே சுண்டிப்போச்சு. ஒரே வருசத்துல நாலு செகண்டு எங்க போச்சு?

நைட்ஷிப்ட்:
கூட எத்தனை பேர் ஓடுனாங்க? நான் பாத்த மீட்ல 80 பிளஸ்க்கு ஒரே ஆளு, பாதி தூரம் நடந்தே போய் கோல்டு வாங்குனாரு. நியூசிலாந்து ஆக்லாந்துல 2017ல நம்ம ஊரு மான் கவுர் பாட்டி 101 வயசுல நூறு மீட்டரை 74 செகண்டுல ஓடுனாங்களே, அந்தப் பிரிவுலயும் அவங்க ஒருத்தர்தான். கைதட்டலாம், போட்டின்னு சொல்லாதீங்க.

கம்மாக்கரை:
தனியா ஓடுனா என்ன நைட்ஷிப்ட், கடிகாரம் கூடவே ஓடுதுல்ல. பிரான்ஸ்ல ராபர்ட் மார்ஷான் ஒரு மணி நேரத்துல 102 வயசுல 26.927 கிலோமீட்டர் சைக்கிள் மிதிச்சாரு, 105ல 22.547. மூணு வருசத்துல நாலு கிலோமீட்டருக்கு மேல போயிருச்சு. அப்பவும் கடைசி பத்து நிமிசம்னு காட்டுன போர்டைப் பாக்கல, பாத்திருந்தா இன்னும் மிதிச்சிருப்பேன்னாரு! எங்க ஊர் பழைய பிடி மாஸ்டர் ஓடும்போது கவனிச்சிருக்கேன், காலை மாத்துற வேகம் பெருசா குறையல, அடி நீளம்தான் போச்சு, மகன் ஒரு அடி வைக்கிற எடத்துல இவருக்கு ரெண்டு.

சுந்தரி அக்கா:
என் மாமனார் 82 வயசுல நீளம் தாண்டி மணல்ல உக்காந்தவரு, தூக்கிவிட ரெண்டு பேர் வேண்டியதாயிருச்சு. தம்பி கரிசக்காடு, அந்தத் தாத்தாகிட்ட சொல்லுங்க, வயசாக ஆக வேகத்துக்கான தசைநார்தான் முதல்ல கரையும், மெதுவா வேலை செய்யுறது கொஞ்சம் தாக்குப்பிடிக்கும், அதனால வெறும் வாக்கிங் மட்டும் போதாது, வெயிட்டும் தூக்கணும். ஜிம்முக்கு வேணாம், நாற்காலில கைய ஊணாம எந்திரிச்சு உக்காரச் சொல்லுங்க, செவுத்தைப் பிடிச்சு குதிகாலைத் தூக்கி இறக்கச் சொல்லுங்க, பருப்பு முட்டை சேத்துக்கணும், பிபி மாத்திரை போடுறவரா இருந்தா டாக்டரைக் கேக்காம வேகமா ஓடவே கூடாது, ஷூவையும் பாருங்க, தேஞ்ச ஷூ ஆளைக் கவுத்துரும்.

கரிசக்காடு:
அக்கா, அவர் யாருன்னே எனக்குத் தெரியாது.

கம்மாக்கரை:
நைட்ஷிப்ட், இன்னொண்ணு. மான் கவுர் ஓட ஆரம்பிச்சதே 93 வயசுல. எதுல இருந்து எவ்வளவு குறைஞ்சதுன்னு அவங்களுக்கு எப்படிக் கணக்குப் போடுவீங்க?