மேல்நிலை மாணவர்களுக்குப் பள்ளி ஏன் கசக்கிறது?

கேள்வி – மண்டபம் ஆசிரியை

மண்டபம் கரையோரத்தில் மேல்நிலைப் பள்ளி ஒன்றில் பணிபுரிகிறேன். சென்ற வாரம் பிளஸ் ஒன் மாணவர்களிடம், பள்ளியில் எது பிடிக்கவில்லை என்று பெயர் போடாமல் எழுதித் தரச் சொன்னேன். பாடம் கடினம் என்றுதான் எழுதுவார்கள் என நினைத்திருந்தேன். ஆனால், ‘பி.டி. பீரியடைத் திருப்பித் தாருங்கள்’ என்றும், ‘கழிப்பறையில் தண்ணீர் வராததால் பள்ளி விடும்வரை தண்ணீர் குடிப்பதில்லை’ என்றும் வந்த தாள்களே அதிகம். ஆர்வமில்லாத பிள்ளைகள் என்று ஆசிரியர் அறையில் சொல்லிப் பழகிவிட்டோம். இப்போது ஐயமாக இருக்கிறது. உங்கள் அனுபவம் என்ன?

பதில் 1 – பாம்பன், ஒரு தாய்

டீச்சர், என் மகள் பிளஸ் டூ படிக்கிறாள். நான் கடல்பாசி எடுக்கப் போகும் நாட்களில் அவள் வெறும் வயிற்றோடுதான் கிளம்புகிறாள். காலை உணவுத் திட்டம் ஐந்தாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. விலையில்லாச் சீருடையும் எட்டாம் வகுப்பு வரைதான். ஜூனில் பள்ளி திறக்கும்போது, ஏப்ரல் 15இல் தொடங்கிய மீன்பிடித் தடைக்காலம் ஜூன் 14 வரை நீடிப்பதால், எங்கள் தெருவில் யார் கையிலும் காசிருக்காது. அந்த நேரத்தில்தான் புதுச் சீருடை எங்கே என்று பிள்ளையை எழுப்பி நிறுத்திக் கேட்கிறார்கள். மாலையில் சிறப்பு வகுப்பு முடிவதற்குள் பேருந்தும் போய்விடுகிறது.

பதில் 2 – முன்னாள் மாணவர், தொண்டி

நான் பிளஸ் ஒன் படித்த ஆண்டில், இயற்பியல் ஆசிரியர் கலந்தாய்வில் சொந்த மாவட்டத்துக்கு மாறுதல் பெற்றுப் போனார். அரையாண்டுத் தேர்வு வரை அந்த இடத்துக்கு யாரும் வரவில்லை. வெர்னியர் அளவி பீரோவுக்குள் பூட்டிக் கிடக்க, முந்தைய ஆண்டு ரெக்கார்டு நோட்டுகளைப் பார்த்து அளவுகளை எழுதினோம். ஒருவன், அதில் அடித்துத் திருத்தியிருந்த எண்ணையும் அப்படியே அடித்துத் திருத்தி வைத்தான். அதற்கும் கையெழுத்து விழுந்தது. எங்களை யாரும் பொருட்படுத்தவில்லை என்பது அன்றைக்கே புரிந்துவிட்டது.

பதில் 3 – ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், இராமநாதபுரம்

மாறுதல் கேட்டுப் போகும் ஆசிரியரை மட்டும் குறை சொல்வதை நான் ஏற்கமாட்டேன். குடும்பத்தை ஓர் ஊரில் விட்டுவிட்டு இங்கே வாடகை அறையில் எத்தனை ஆண்டு இருப்பார்? பெரிய கோளாறு தேர்ச்சி விழுக்காட்டில் இருக்கிறது. ஆய்வுக் கூட்டத்தில் தலைமையாசிரியரிடம் முதலில் கேட்கப்படுவது அதுதான் என்பதால், விளையாட்டு, நூலகம், ஆய்வகம் என்று எல்லாப் பீரியடும் அதற்கே பலியாகின்றன, நானும் பலியிட்டவன்தான். பிளஸ் ஒன் பாடத்தைத் தாண்டிக் குதித்து நேரே பிளஸ் டூ பாடத்தை நடத்திய பழக்கத்தை நிறுத்தத்தான் 2017-18இல் பிளஸ் ஒன் பொதுத்தேர்வு வந்தது. 2025-26 முதல் அதை எடுத்துவிட்டார்கள். பிள்ளைகளுக்குச் சுமை குறைந்தது நல்லதே என்றாலும், பழைய குதிப்பு திரும்பிவிடுமோ என்று அஞ்சுகிறேன்.

மண்டபம் ஆசிரியை

நன்றி. கேள்வியில் ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டேன்: அந்தப் பி.டி. பீரியடில் கணக்கு நடத்தி வருபவள் நான்தான். இந்த வெள்ளிக்கிழமை முதல் விட்டுவிடுகிறேன். குழாயைப் பற்றித் தலைமையாசிரியரிடம் பேசியிருக்கிறேன். சிறப்பு வகுப்பு நேரம் என் கையில் இல்லை.