எறும்புக் கூட்டத்தைக் குளிர்காலத் தூக்கத்துக்குத் தயார் செய்வது எப்படி?

எல்லோருக்கும் வணக்கம். ஜெர்மனியில் இருக்கிறேன். வீட்டில் ஒரு லாசியஸ் நைஜர் கூட்டம் வளர்க்கிறேன், இங்கே நடைபாதைக் கல் இடுக்கெல்லாம் கிடக்கும் சாதாரணக் கறுப்பு எறும்புதான். ராணியும் இருபது முப்பது வேலைக்காரிகளும் இன்னும் டெஸ்ட் டியூபிலேயே (அடியில் தண்ணீர் விட்டுப் பஞ்சால் அடைத்த கண்ணாடிக் குழாய்) இருக்கிறார்கள். இது இவர்களுக்கு முதல் குளிர்காலம்.

அக்டோபர் பிறந்ததிலிருந்து நடமாட்டம் மந்தமாகிவிட்டது. ஈயை வெட்டிப் போட்டால் சீண்டுவதில்லை, சர்க்கரைத் தண்ணீரை மட்டும் வயிறு பளபளக்கக் குடிக்கிறார்கள். ராணி முட்டையிடுவதை நிறுத்திவிட்டாள். சின்னப் புழுக்கள் வளராமல் அப்படியே இருக்கின்றன; அவை வசந்தம் வரை அப்படித்தான் இருக்கும் என்று தெரியும், அதனால் அதில் பயமில்லை.

நவம்பர் முதல் மார்ச் வரை 5 முதல் 8 டிகிரியில் வைக்க வேண்டும். சிக்கல் இடம்தான். பால்கனியில் வைத்தால் ஜனவரியில் டியூபில் உள்ள தண்ணீர் உறைந்துவிடும். நிலவறை 12 டிகிரிக்குக் கீழே இறங்குவதில்லை. மிச்சம் இருப்பது ஃப்ரிட்ஜின் காய்கறித் தட்டு. (வீட்டுக்காரரைச் சம்மதிக்க வைப்பது என் பாடு.)

ஃப்ரிட்ஜில் வைத்த அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்: கதவைத் திறந்து மூடும் அதிர்வு தொந்தரவாகுமா? தெர்மோகோல் பெட்டிக்குள் வைத்தால் போதுமா? டியூபில் தண்ணீர் பாதிதான் இருக்கிறது, பஞ்சும் லேசாக மஞ்சளாகிவிட்டது. இப்போதே புது டியூபுக்கு மாற்றவா, இல்லை இந்த நேரத்தில் கலைக்காமல் விடுவது நல்லதா? அப்புறம், அறையிலிருந்து நேராக ஃப்ரிட்ஜுக்கா, அல்லது நிலவறையில் இரண்டு வாரம் வைத்துவிட்டா? மாத இறுதிக்குள் முடிவெடுக்க வேண்டும்.