மூத்தவனுக்கு ஆட்டிசம், தங்கச்சிக்கு எம்ஆர் (தட்டம்மை, ரூபெல்லா) ஊசி வேண்டாம் என்கிறார்கள். என்ன சொல்லிப் பேசுவது?

பந்தலூர் செவிலியர்:
எஸ்டேட் லைன் வீடு, தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் இடம். எம்ஆர் போட்ட பிறகுதான் மூத்தவனுக்குப் பேச்சு நின்றது என்கிறார்கள். பாப்பாவுக்கு 10 மாதம். மற்ற ஊசியெல்லாம் போட்டாச்சு, இது மட்டும் வேண்டாமாம். அதே லைனில் சிக்கில் செல் (பரம்பரை ரத்த நோய்) உள்ள பிள்ளை ஒன்று, 9 மாதம் நிரம்பாத குழந்தை ஒன்று. கட்டாயப்படுத்தலாமா?

குன்னூர் குழந்தை மருத்துவர்:
எம்ஆர் இரண்டாவது டோஸ் 16–24 மாதத்தில். ஆட்டிசத்தில், வந்த சொற்கள் உதிர்வதும் பெரும்பாலும் அதே வயதில்தான் தெரியவரும். பெற்றோர் பொய் சொல்லவில்லை, கண்டதைச் சொல்கிறார்கள்; காரணம்தான் ஊசி இல்லை. பயத்தைக் கிளப்பிய பிரிட்டிஷ் டாக்டர் வேக்ஃபீல்டின் 1998 கட்டுரை வெறும் 12 பிள்ளைகளை வைத்து எழுதியது. அதை வெளியிட்ட லான்செட் மருத்துவ இதழ் 2010-ல் திரும்பப் பெற்றது. 2019-ல் டென்மார்க்கில் ஆறரை லட்சம் பிள்ளைகளை ஆராய்ந்தார்கள். எம்எம்ஆருக்கும் (எம்ஆரோடு பொன்னுக்கு வீங்கிக்கும் சேர்த்த ஊசி) ஆட்டிசத்துக்கும் தொடர்பில்லை, அண்ணன் அக்காவுக்கு ஆட்டிசம் உள்ள வீடுகளிலும்கூட.

ஆனால் "பாப்பாவுக்கு ஒன்றும் வராது" என்று மட்டும் வாக்குக் கொடுக்காதீர்கள். மூத்தவனுக்கு இருந்தால், ஊசி போட்டாலும் போடாவிட்டாலும், இளையவருக்கு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். இதை முன்னாலேயே சொல்லிவிடுங்கள். சொல்லாமல் விட்டு நாளைக்கு வந்துவிட்டால் லைன் முழுக்க உங்கள் பேச்சு எடுபடாது. ஊசி போட்டு ஒரு வாரம், பத்து நாள் கழித்துக் காய்ச்சல் வரலாம், அபூர்வமாக வலிப்பும் வரலாம் என்பதும் அப்படித்தான். காய்ச்சலுக்குப் பாராசிட்டமால், ஒரு வேளைக்கு எடையில் கிலோவுக்கு 15 மில்லிகிராம்.

கோத்தகிரி மாற்றுத்திறனாளர் உரிமை ஆர்வலர்:
டாக்டர் ஊசிக் கணக்கைச் சொல்லிவிட்டார். "ஆட்டிசத்துக்குத் தட்டம்மையே மேல்" என்று வீட்டில் பேசுவது மூத்தவன் காதில் விழுகிறதே, அதை யார் கேட்பது? நாமும் லேசுப்பட்டவர்கள் இல்லை. கர்ப்பத்தின் முதல் மூன்று மாதத்தில் ரூபெல்லா தாக்கினால் குழந்தையின் காது, கண், இதயம் பாதிக்கும்; அதைச் சொல்லத்தான் வேண்டும். காது கேளாத குழந்தையின் படத்தைக் காட்டி "இப்படி ஆகிடும்" என்று மிரட்டுவது வேறு.

மூத்தவனுக்கு மாற்றுத்திறனாளி அடையாள அட்டை ஆச்சா? பேச்சுப் பயிற்சிக்கு எங்காவது அனுப்பினோமா? ஒன்றும் செய்யாமல் தங்கச்சிக்கு ஊசி கேட்டு மட்டும் படியேறினால் யார் காது கொடுப்பார்கள்? சிக்கில் செல்லும் 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகை ஊனங்களில் ஒன்றுதான். இங்கே ஒரு பிள்ளையைச் சொல்லி மறுக்கிறார்கள், அந்த ஆபத்து இன்னொரு பிள்ளை தலையில் விழுகிறது.

ஊட்டி வக்கீல்:
கோவிட் ஊசி வழக்கில் சுப்ரீம் கோர்ட் 2022 மே மாதம், யாரையும் ஊசி போடக் கட்டாயப்படுத்த முடியாது என்றது. பொதுநலனுக்காக அளவான கட்டுப்பாடு வைக்கலாம் என்றும் சொன்னது. அங்கன்வாடி சத்துமாவை நிறுத்துவேன் என்று மட்டும் யாரும் வாய்விட வேண்டாம்.

பந்தலூர் செவிலியர்:
சிக்கில் செல் பிள்ளைக்கு எம்ஆர் போடலாமா டாக்டர்?

குன்னூர் குழந்தை மருத்துவர்:
தாராளமாக. காய்ச்சலே அந்தப் பிள்ளைக்கு வலி கிரைசிஸை (திடீர்க் கடும் வலியை) கிளப்பிவிடும், தட்டம்மை வந்தால் கேட்கவே வேண்டாம். மண்ணீரல் சரியாக வேலை செய்யாததால் நிமோகாக்கஸ் கிருமிக்குப் பயப்பட வேண்டும். அதற்கான பிசிவி ஊசி (6 வாரம், 14 வாரம், 9 மாதம்) விட்டுப்போயிருந்தால் பிடித்துப் போடுங்கள். தட்டம்மையைத் தடுக்க 95 சதவீதம் பேருக்குப் பாதுகாப்பு வேண்டும். மாவட்டக் கணக்கு எவ்வளவு இருந்தாலும், ஒரே குழாயடியில் நிற்கும் லைனில் நாலு வீடு மறுத்தால் போச்சு.

இன்னொன்று. பல பிள்ளைகளுக்குப் போடும் எம்ஆர் குப்பி, கரைத்தால் 4 மணி நேரத்துக்குத்தான் தாங்கும். வீணாகுமே என்று பார்த்து, சம்மதித்த அம்மாவை "அடுத்த மாசம் வாங்க" என்று அனுப்பாதீர்கள். ஒரு பிள்ளைக்கென்றாலும் குப்பியைத் திறங்கள்.