பையனுக்குக் கன்னம் சிவந்திருக்கிறது, எனக்கு 16 வாரக் கர்ப்பம். பார்வோ பி19 பற்றித் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

கேள்வி:
மூத்தவனுக்கு 5 வயது. போன வாரம் லேசான காய்ச்சல், மூக்கு ஒழுகல், அவ்வளவுதான். நேற்றுக் காலையில் எழுந்து பார்த்தால் இரண்டு கன்னமும் யாரோ அறைந்த மாதிரி சிவந்து கிடக்கிறது, இன்று கையிலும் வலை பின்னியது போலத் தடிப்பு. டாக்டர் ‘பார்வோ வைரஸ் பி19, பையனுக்கு ஒன்றும் ஆகாது’ என்றார். அப்புறம் நான் கர்ப்பம் என்றதும் எனக்கு ரத்தப் பரிசோதனை எழுதினார். நெட்டில் தேடினால் நாய்க்கு வரும் பார்வோ என்கிறார்கள், வீட்டில் நாயும் இருக்கிறது. அதிலிருந்தா வந்தது? பையனைத் தனியாகப் படுக்க வைக்கணுமா?

பதில் 1:
நாயை விடுங்கள் அக்கா, அதற்கு வரும் பார்வோ வேறு, நமக்கு ஒட்டாது. பி19 மனிதர்களுக்குள்தான் பரவும், அதுவும் மூக்கு ஒழுகிய அந்த நாட்களில்தான். தடிப்பு வந்த பிறகு பொதுவாகப் பரவாது, அதனால் இப்போது பிரித்து வைத்துப் பயனில்லை. நான் லேபில் இருக்கிறேன். ரிப்போர்ட்டில் ஐஜிஜி (முன்பு வந்த தொற்றைக் காட்டும் எதிர்ப்புப் புரதம்) பாசிட்டிவ், ஐஜிஎம் (புதிய தொற்றைக் காட்டுவது) நெகட்டிவ் என்றால் உங்களுக்கு முன்பே வந்து போய்விட்டது என்று அர்த்தம், பெரியவர்களில் பாதிப் பேருக்காவது அப்படித்தான் இருக்கும். இரண்டுமே நெகட்டிவ் என்றால் உங்களுக்கு எதிர்ப்பு இல்லை, தொற்று இப்போதுதான் ஒட்டியிருக்கவும் கூடும்; நிம்மதியாகி விட்டுவிடாதீர்கள், சில வாரம் கழித்துத் திரும்பப் பார்க்கணும்.

பதில் 2:
எனக்கு ஐஜிஎம் பாசிட்டிவ் வந்தது. வாராவாரம் ஸ்கேன். குழந்தையின் மூளைக்குப் போகும் ரத்தக்குழாயில் ஓட்டத்தின் வேகத்தை அளப்பார்கள், இந்த வைரஸால் குழந்தைக்கு ரத்தசோகை வந்தால் அந்த வேகம் கூடுமாம். தேவைப்பட்டால் தொப்புள்கொடி வழியாகவே ரத்தம் ஏற்றலாம் என்றார்கள். எனக்கு அது தேவைப்படவில்லை, மகளுக்கு இப்போது மூன்று வயது. பெரும்பாலும் நல்லபடியாகத்தான் முடியும், ஆனால் ஸ்கேனை மட்டும் தவற விடாதீர்கள் தோழி.

பதில் 3:
நீலகிரியிலிருந்து எழுதுகிறேன், இங்கே பழங்குடி ஊர்களில் அரிவாள் செல் சோகை (சிவப்பணு அரிவாள் போல வளைந்துபோகும் பரம்பரை நோய்) உள்ளவர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்காக இதையும் சொல்லணும். இந்த வைரஸ் எலும்பு மஜ்ஜையில் சிவப்பணுவாக வளரும் செல்களுக்குள் புகுந்து ஒரு வாரம், பத்து நாள் உற்பத்தியை நிறுத்திவிடும். நம் சிவப்பணு 120 நாள் வாழ்கிறது, அதனால் நமக்குத் தெரியாது. அவர்களுக்கு அது 10, 20 நாளில் அழிந்துவிடும், ஹீமோகுளோபின் சட்டென்று பாதாளத்துக்குப் போகும். பக்கத்தில் யாருக்காவது கன்னம் சிவந்திருந்து, அரிவாள் செல் உள்ள பிள்ளைக்குக் காய்ச்சல் வந்து உதடு வெளுத்தால், விடியட்டும் என்று காத்திருக்காமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.