செம்மண் ஓடையில் திடீர் வெள்ளம்: வரைபடம் போடுகிறவர்களுக்கு

பண்ருட்டியிலிருந்து:

வருஷத்தில் பாதி நாளுக்கு மேல் ஓடை காய்ந்துதான் கிடக்கும், ஆடு மேயும். அரபு நாட்டில் ‘வாதி’ என்கிற காய்ந்த ஓடையும் நம்ம பண்ருட்டி, குறிஞ்சிப்பாடிச் செம்மண் ஓடையும் இந்த விஷயத்தில் ஒரே ஜாதி. வெறும் மண்ணில் மழைத்துளி விழுந்து விழுந்து மேலே அப்பளம் மாதிரி ஒரு தோல் இறுகிவிடும். அப்புறம் தண்ணீர் உள்ளே இறங்காது, வழியத்தான் செய்யும். முந்திரித் தோப்பில் சருகு கிடக்கிற இடத்தில் இந்தத் தோல் அவ்வளவாக இறுகாது. 2015 நவம்பர் 9 அன்று பெரியகாட்டுப்பாளையத்திலும் விசூரிலும் வீடுகளை அடித்துப் போனது இப்படி ஓடையில் பாய்ந்த வெள்ளம்தான்.

இலவசமாகக் கிடைக்கும், 30 மீட்டருக்கு ஒரு புள்ளி வீதம் தரும் நில உயரத் தரவில் 6 மீட்டர் அகல ஓடை தெரியவே தெரியாது. நீர்ப்பிடிப்பு எல்லை போட மட்டும் அதை வைத்துக்கொள்ளுங்கள். ஓடையின் அகலத்துக்குப் புல வரைபடத்தில் ‘ஓடை புறம்போக்கு’ எல்லையைப் பாருங்கள்.

அடுத்தது வெள்ளக்குறி, அதாவது தண்ணீர் எவ்வளவு உயரம் ஏறியது என்று காட்டும் தடம். கருவேலங்கிளையில் தொங்கும் குப்பையை அளந்து ஏமாறாதீர்கள்: வெள்ளத்தில் வளைந்த கிளை, தண்ணீர் வடிந்ததும் குப்பையோடு நிமிர்ந்துவிடும், அளவு கூடுதலாக வரும். தண்ணீர் மோதிய சுவரிலும் கோடு உயரமாகத்தான் இருக்கும். பக்கவாட்டுச் சுவரில் உள்ள சேற்றுக்கோட்டை எடுங்கள். அந்தக் கோட்டின் உயரத்தை வேறு இடத்துக்குக் கடத்த, கொத்தனார் மட்டம் பார்க்கிற தண்ணீர்க் குழாய் போதும். உள்ளே காற்றுக்குமிழி ஒன்று நின்றாலும் மட்டம் தப்பாகிவிடும்.

பாகூரிலிருந்து:

அண்ணே, கல்வெர்ட் (ரோட்டுக்கு அடியில் தண்ணீர் போகிற குழாய்ப் பாலம்) கணக்கையும் சேர்த்துக்குங்க. ஃபெஞ்சல் புயலில் புதுச்சேரியில் 24 மணி நேரத்தில் 48 செ.மீ. பெய்தது. சராசரி பார்த்தால் மணிக்கு 20 மி.மீ.தான். சின்ன ஓடையை அந்தச் சராசரியில் கணக்குப் போட்டால் தப்பு. ஒரு மணி நேர உச்சத்தைத்தான் எடுக்கணும்.

நீர்ப்பிடிப்பு 200 ஹெக்டேர், மழை மணிக்கு 100 மி.மீ., அதில் 60 சதவீதம் வழிகிறது என்றால் நொடிக்கு 33 கனமீட்டர். 1 மீட்டர் விட்டத்தில் இரண்டு குழாய், நொடிக்கு 2 மீட்டர் வேகத்தில் 3 கனமீட்டர்தான் கடத்தும். மீதி 30 கனமீட்டரும் ரோட்டுக்குப் பின்னால் தேங்கி, மேலே ஏறி, கீழ்ப்பக்கக் கரையை அரிக்கும். ரோடு உடைகிற நேரத்தில் கீழே இருக்கிற தெருவுக்கு இரட்டை அடி. காய்ந்த ஓடைக்குத் தரைப்பாலமே மேல். கீழ்ப்பக்கம் ஆழமான தடுப்புச் சுவர் கட்டணும், தண்ணீரின் ஆழம் தெரிய 30 செ.மீ.-யில் சிவப்புக் கோடு போட்ட கல் நடணும்.

பண்ருட்டியிலிருந்து:

சரியாச் சொன்னீங்க தம்பி. அந்தக் கல்வெர்ட்டுக்கு மேல்பக்கம் தேங்குகிற பரப்பையும் வரைபடத்தில் தனி நிறத்தில் காட்டிடுங்க. அங்கேதான் இப்போ மனை போடுறாங்க.